ஈரத்திலேயே கறுக்கட்டும்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் பொய் சொல்வாய்.

முதலில் ஓர் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை போன் அம்மாவுக்கு. அதில் நாம் வேலைப் பேச்சை எடுத்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. அலுவலக மின்னஞ்சலையோ எங்கள் முதலாளி தொடர்கதை மாதிரி உட்கார்ந்து படிக்கிறார். அதனால் உனக்குச் சோதனைக்கு அனுப்பும் மாதிரிப் புட்டிகளோடு ஒரு கடிதமும் வைத்துவிடுகிறேன். நீயும் அப்படியே எழுது.

தொட்டி வந்து இறங்கிவிட்டது. ஐந்நூறு லிட்டர். நீ உன் ஆய்வுக்கூடத்தில் ஒரு லிட்டர் குடுவையில் செய்து காட்டியதை நான் இதில் செய்தாக வேண்டும். நேற்று உன் அத்தான், "அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டார். "பென்சிலுக்குள்ள இருக்குற கரியை அமிலத்துல போட்டு ஏடு ஏடாப் பிரிக்கிறோம். பிரியும்போது அதுல ஆக்சிஜன் ஒட்டிக்கும். அப்புறம் அந்த ஆக்சிஜனைப் பிடுங்குறோம்" என்றேன். "பிடுங்குறதுக்கு எதுக்கு ஒட்ட வைக்கணும்?" "ஒட்டினாத்தான் பிரியும். பிடுங்கினாத்தான் மின்சாரம் பாயும்." மனுஷன், "நல்ல பிழைப்பு" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நாள் முழுக்க நீச்சல் குளத்தங்கரையில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்துகிறவருக்கு நம் பிழைப்பு கேலியாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆக்சிஜன் ஒட்டிய அந்தக் கிராஃபீன் ஆக்சைடு பழுப்பாக, அழகாக வருகிறது. ஆனால் கழுவ முடியவில்லை. வடிதுணியில் ஊற்றினால் கோந்து மாதிரி அடைத்துக்கொள்கிறது. ஒரு வாளி கழுவ ஒரு பொழுது போகிறது. முதலாளி கெடு வைத்துவிட்டார். மே மாதக் கடைசிக்குள் உன் வைட்டமின் சி முறையில் ஒரே தரமாகச் சரக்கு வராவிட்டால், ஆக்சிஜனைப் பிடுங்க ஹைட்ரசீன் வாங்குவாராம். அது மலிவு, வேகம். அது மூச்சில் போனால் ஈரலைத் தின்னும் என்பதும் அவருக்குத் தெரியும். "முகமூடி வாங்கித் தர்றேன்மா" என்கிறார். என் ஆட்களை அந்த டிரம் பக்கத்தில் நிற்க வைக்க எனக்கு மனசு வராது. ஆகவே உன் முறைதான். நீ எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியை மாற்ற மாட்டேன். கழுவ மட்டும் வழி சொல்.

அம்மாவுக்கு முத்தம். உனக்கு ஒரு குட்டு.
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, வாய் அதைவிடப் பரவாயில்லை. நீ போன ஞாயிறு போனைச் சீக்கிரம் வைத்துவிட்டாய் என்று வாரம் முழுக்க என்னைத் திட்டுகிறாள். உன் பங்குத் திட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன், கணக்கில் வைத்துக்கொள்.

கழுவுவதற்கு எடுத்த எடுப்பில் வெறும் தண்ணீர் ஊற்றாதே. தண்ணீர் பட்டதும் ஏடுகள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், அதுதான் கோந்தாகிறது. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவு. அதில் ஊதாது, உப்பெல்லாம் மளமளவென்று வடிந்துவிடும். கடைசியில்தான் தண்ணீர், அதுவும் கொஞ்சம்.

மற்றதெல்லாம் குறிப்பில் இருக்கிறபடியே. கழுவியதை அறுபது டிகிரியில் உலர்த்து, எடை போடு, தண்ணீரில் கலக்கு, வைட்டமின் சி போட்டுச் சூடாக்கு, கறுக்கும். நான் நூறு தடவை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. அத்தானிடம் கேட்டதாகச் சொல். எங்கள் பிழைப்பைப் பற்றிப் பேச அவருக்கு வாய் இல்லை, அவர் வேலையே ஈரமாவதுதான்.

குட்டு வந்து சேர்ந்தது.
தம்பி

பிப்ரவரி 17

என் தங்கத் தம்பிக்கு,

நலம், நலம், நலம்! எல்லாரும் நலமா? அம்மா நலமா? இன்றைக்கு நான் யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கிற மனநிலையில் இருக்கிறேன்.

அடைப்பு போயே போய்விட்டது. நீ சொன்னபடி அமிலத்தில் கழுவினோம். வடிதுணியின் அடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு என் ஆட்கள் கைதட்டினார்கள். ஒரு பொழுது எடுத்த வேலை ஒரு தேநீர் குடிப்பதற்குள் முடிகிறது. முதலாளி எட்டிப் பார்த்து, "தம்பி கெட்டிக்காரன்தான்" என்றார். "யாரோட தம்பி?" என்று கேட்டேன்.

இனி உலர்த்துவதுதான் பாக்கி. ஆளுயர உலர்த்துப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, இரட்டைத் தகடு போட்ட கதவு, படம் வைத்திருக்கிறேன் பார். தட்டுகள்தான் போதவில்லை. பழுப்புக் கூழ் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. எப்படியாவது சமாளித்து இந்த வாரம் முதல் பெரிய உலர்த்தல். மற்றதை ஞாயிற்றுக்கிழமை அம்மா அசந்த நேரம் பார்த்துப் போனில் சொல்கிறேன்.

சந்தோஷத்தில் குதிக்கும்,
அக்கா

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஞாயிறுக்கு ஞாயிறு வருகிற உன் போன் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. 'வேலை. அப்புறம்' என்று ஒரு செய்தி வந்தது. உனக்கு ஒரு விஷயத்தை இரண்டே சொல்லில் முடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இப்போது மணியும் அடிப்பதில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என் போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். "நெட்வொர்க் சரியில்லம்மா" என்று சொன்னேன். "அவளுக்கும் அவ புருஷனுக்கும் சண்டையா?" என்று கேட்டாள். அத்தான் போனை எடுத்தால் "குளத்துல இருக்கேன் மாப்பிள்ளை, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறார். எந்தக் குளத்தில் ராத்திரியிலும் இருக்கிறார்?

உலர்த்தல் என்ன ஆயிற்று? முதல் தொகுதி கெட்டுப்போயிருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒரு வரி எழுது.

தம்பி

மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

போன் அமிலத் தொட்டியில் விழுந்துவிட்டது. புதிது வாங்க நேரமில்லை. முதல் தொகுதி சரியாக வரவில்லை, வேறொன்று போடுவோம். உலர்த்துப் பெட்டியின் கதவு கொஞ்சம் நெளிந்திருக்கிறது, மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஆட்கள் எல்லாரும் சுகம்.

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை. அதனால் அத்தான் போனிலிருந்தும் கூப்பிடவில்லை. அம்மாவிடம் அப்படியே சொல்.

அக்கா

மார்ச் 25

அக்கா,

நலம் விசாரிப்பது பிறகு.

தொண்டை கட்டினால் பேசத்தான் முடியாது, கேட்கலாமே? நீ வாயே திறக்க வேண்டாம், போனைக் காதில் வைத்துக்கொண்டால் போதும், ஒரு மணி நேரம் அம்மா ஒருத்தியே பேசுவாள். இத்தனை நாளும் அப்படித்தானே நடந்தது?

கதவு கொஞ்சம் நெளிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். படத்தில் பார்த்தேனே அந்தக் கதவை! இரட்டைத் தகடு, நான்கு பேர் தூக்கி வைக்கிற கனம். அது காற்றிலா நெளியும்? உள்ளே இருந்து எத்தனை அழுத்தம் வந்தால் அந்தத் தகடு வளையும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை போட்டாலும் அதே விடைதான். அக்கா, அது நெளியவில்லை, வெடித்திருக்கிறது.

அப்போது நீ எங்கே நின்றாய்? உனக்கு என்ன ஆயிற்று? ஆட்கள் எல்லாரும் சுகம் என்று எழுதினாயே, அதில் நீ இருக்கிறாயா இல்லையா?

உன்னால் எழுத முடியாவிட்டால் அத்தானை எழுதச் சொல். வீட்டுக்கு வேண்டாம், அம்மா பிரித்துவிடுவாள். ஆய்வுக்கூட முகவரிக்கு.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தையும் நீயும் சௌக்கியம்தானே? நீ உன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தை ஒளிந்து படித்துவிட்டேன். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். எழுதுகிறேன் என்று உன் அக்காவுக்குத் தெரிந்தால் என்னைக் குளத்தில் அமுக்கிவிடுவாள்.

பயப்படாதே. முதலில் நல்லதைச் சொல்கிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை, கண் நன்றாக இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது, ஒரு தீக்காயம் இல்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள்.

காது கேட்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் அந்தப் பெட்டி வெடித்தது. அறைக்கு வெளியே, பக்கச் சுவர் ஓரமாக நின்றிருக்கிறாள். அந்தச் சுவர்தான் அவளைக் காப்பாற்றியது. இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, வலது காது அதிர்ச்சியில் அடைத்துப் போயிற்று. காது டாக்டர் மாத்திரை கொடுத்தார். "சவ்வு தானா மூடிக்கும். உள்ள நரம்பு எவ்வளவு தேறும்னு இப்போ சொல்ல முடியாது. மூணு நாலு மாசம் பொறுங்க" என்றார். மூக்கைக்கூடப் பலமாகச் சிந்தக் கூடாது. போன் அமிலத்தில் விழவில்லை மாப்பிள்ளை. மணி அடித்தால் கேட்காத போன் எதற்கு என்று அவளே அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

வீட்டில் நான் பேச வேண்டியதைப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். அவள் பதில் சொல்வது தெருவுக்கே கேட்கிறது, தன் குரல் தனக்குத் தெரியவில்லை பார். தினமும் காலையில் குளத்து விசிலை அவள் காதருகில் ஊதிப் பார்க்கிறேன். அவள் என் கன்னம் உப்புவதை வேடிக்கை பார்க்கிறாள். நான் சிரிக்கிறேன். பிறகு குளியலறைக்குப் போய் அழுகிறேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

அத்தைக்குத் தெரிந்தால் கிளம்பி வந்துவிடுவார்கள், முழங்காலோடு பஸ் ஏறுவார்கள் என்றுதான் மறைத்தாள். உன்னிடம் மறைத்தது வேறு காரணத்துக்காக. உன் முறையால் ஆனது என்று நீ நொந்து போவாயாம்.

மனசைத் தளர விடாதே.
உன் அத்தான்

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தானை ஒன்றும் சொல்லாதே, நான் கேட்டதால் எழுதினார்.

படித்துவிட்டு ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் போய் அழுதேன். உன் குடும்பத்து ஆண்கள் எல்லாருக்கும் அழ ஒரு குழாயடி வேண்டியிருக்கிறது. உனக்கு என் மேல் கோபம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் நொந்து போவேன் என்று நீ வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போதும் அக்கா. உன் காதைவிடவா என் முறை பெரிது? முதலாளி ஹைட்ரசீன் வாங்கட்டும், வேறு என்ன கருமத்தையாவது வாங்கட்டும். அந்தப் பெட்டியை மட்டும் மறுபடி மூட்டாதே. கிராஃபீன் ஆக்சைடு காய்ந்த நிலையில் முன்கோபி. உள்ளே ஆக்சிஜனை வைத்துக்கொண்டே சூடாகிற கரி அது. என் மேசையில் ஒரு சிட்டிகை இருக்கும், அதனால் அதன் குணம் எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்திருக்க வேண்டும்.

நான் கிளம்பி வரட்டுமா?

தம்பி

ஏப்ரல் 20

துரோகித் தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு, நேரில் வந்து உதைக்க வேண்டும். உன் அத்தானோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கேட்டால்தானே?

வர வேண்டாம். நீ கிளம்பினால் அம்மாவும் கிளம்புவாள். அதோடு, இது உன்னால் ஆனதில்லை. நடந்ததை நானே சொல்கிறேன்.

தட்டு போதவில்லை என்று எழுதினேன் அல்லவா? ஒரு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டியதை நாலு விரல் கனத்துக்குக் கொட்டச் சொன்னது நான்தான். கெடு கெடு என்று முதலாளி உயிரை எடுத்தார், எனக்கும் அவசரம். மேலே காய்ந்து ஏடு கட்டியது. உள்ளே உண்டான சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. பெட்டியின் முள் அறுபதைத்தான் காட்டியது, தட்டின் வயிற்றுக்குள் என்ன காய்ச்சல் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆட்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான் சுவரோரம் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்று. அப்புறம் சத்தமே இல்லை.

எட்டிப் பார்த்தால் அறை முழுக்கக் கரும்பஞ்சு உதிர்கிறது. அது என்ன தெரியுமா? நாம் செய்ய நினைத்த சரக்கேதான்! ஆக்சிஜன் எல்லாம் ஒரே மூச்சில் பிய்த்துக்கொண்டு பறந்து, தானாகவே கறுத்துவிட்டது. முதலாளி ஓடி வந்தார், ஒரு துணுக்கை விரலில் எடுத்துப் பார்த்து என்னமோ வாயசைத்தார். "இதைக் கூட்டி அள்ளினா விக்கலாமா?" என்று கேட்டாராம். நான் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மனுஷனுக்கு விளங்கியிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் கெடுவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆனாலும் ஹைட்ரசீன் டிரம் இரண்டு கொல்லையில் வந்து நிற்கிறது.

பயமாக இருக்கிறது தம்பி. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அம்மாவின் குரலை இனிமேல் கேட்கவே மாட்டேனோ என்று பயம். போனில் அவள் பாதி நேரம் திட்டத்தான் செய்வாள். அந்தத் திட்டுக்கு இப்படி ஏங்கிப் போவேன் என்று யார் கண்டது?

சரி, அழுதது போதும். ஒரு சந்தேகம். யாரும் என்னோடு பேச முடியாது என்பதால் நிறைய நேரம் கிடைக்கிறது. உன் குறிப்பை மறுபடி மறுபடி படித்தேன். கழுவி முடித்ததும் அது ஈரம். அதை உலர்த்துகிறோம். உலர்ந்ததை எடுத்து மறுபடி தண்ணீரிலேயே போடுகிறோம். குளித்து, தலை துவட்டி, திரும்பவும் போய்க் குளத்தில் குதிக்கிற மாதிரி இருக்கிறது. மேதை எழுதியிருக்கிறான், ஏதோ காரணம் இருக்கும் என்று ஒரு வரியும் மாற்றாமல் செய்தேன். இப்போது கேட்கிறேன்.

எதற்குடா காயவைக்கிறோம்?

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் படித்ததும் என் குறிப்பை எடுத்து வரி வரியாகப் படித்தேன்.

எடை போட, அக்கா. எடை போடுவதற்கு மட்டும்தான்.

எவ்வளவு வைட்டமின் சி போட வேண்டும் என்பது காய்ந்த எடையைப் பொறுத்த கணக்கு. அதனால் நாங்கள் இங்கே எல்லாவற்றையும் உலர்த்தி எடை பார்த்துவிட்டுத் தண்ணீரில் கலக்குவோம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரையும் கேட்டேன், "எதுக்குக் காயவைக்கிறோம்?" என்று. "குறிப்புல அப்படித்தானே இருக்கு" என்றார்கள். பேராசிரியரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடை தெரியணும்ல?" என்றார். கண்ணாடியை மறுபடி போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அடக் கடவுளே" என்றார்.

கூழை நன்றாகக் கலக்கிவிட்டு அதில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துக் காயவை. அந்த ஒரு கரண்டியில் எவ்வளவு கரி என்று தெரிந்தால் தொட்டி முழுக்க எவ்வளவு என்று தெரிந்துவிடும், சின்னப் பிள்ளைக் கணக்கு. மற்றதை அப்படியே தொட்டியில் தள்ளு. ஈரத்திலேயே கறுக்கட்டும். கறுத்த பிறகு அதற்கு அந்தக் கோபம் இருக்காது, ஆக்சிஜன் பெரும்பாலும் போயிருக்கும். அதையும் காயவைக்காதே. மின்கலம் செய்கிறவர்கள்தானே வாங்குகிறார்கள்? எப்படியும் தண்ணீரில் குழைத்துத்தான் பூசுவார்கள், களிம்பாகவே அனுப்பு. பெட்டியே வேண்டாம் உனக்கு. பெட்டி இருந்த அறையில் சாப்பாட்டு மேசை போடு.

இன்னொன்று. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "தொண்டைக்கட்டு இத்தனை மாசமாடா இருக்கும்? என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு" என்று நிறுத்திவிட்டாள். சொன்னதும் ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. என் போனை என் கையில் கொடுத்தாள். "அவளா கேக்குதுன்னு சொல்லட்டும். அது வரைக்கும் எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பேச்சே இல்லை.

ஆவலோடு,
தம்பி

ஜூன் 2

என் தம்பிக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். உட்கார்ந்து படி, நல்ல சேதி இரண்டு.

முதலாவது. தொட்டியை ஈரக் கூழோடு மூட்டினோம். ஒரு கரண்டி மட்டும் காய்ந்தது, அதுவும் அலுவலக மேசையில், உள்ளங்கை அகலத் தட்டில். வைட்டமின் சி போட்டுக் கலக்கிச் சூடாக்கினோம். மூடியின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றேன். பழுப்பு மங்கியது, புகை நிறமானது, பிறகு மை மாதிரி கறுத்துவிட்டது. அப்பாடா! ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அதே மாதிரி இன்னும் இரண்டு தொகுதி போட்டோம். மூன்றையும் வாங்குபவர்கள் சோதித்துப் பார்த்து, ஒரே தரம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். உலர்த்தும் வேலை இல்லாததால் ஒவ்வொரு தொகுதியும் முன்னைவிடச் சீக்கிரம் முடிகிறது. முதலாளி ஹைட்ரசீன் டிரம் இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டி கேட்டைத் தாண்டும் வரை என் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எல்லாருக்கும்.

இரண்டாவது. போன வாரம் காலையில் நல்ல தூக்கத்தில் இருந்தேன். எங்கேயோ தூரத்தில் கொசு பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல். எரிச்சலாக வந்தது. திரும்பிப் படுத்தேன், விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, "காலங்காத்தால எதுக்கு இப்படி ஊதி உயிரை வாங்குறீங்க?" என்று கத்தினேன். உன் அத்தான் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே அழுதார். அழ அழ அது வேறு ஊதிக்கொண்டே இருந்தது. குளியலறைக்குப் போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் பார்த்தார். இடது சவ்வு மூடிக்கொண்டிருக்கிறது, அந்தக் காது கொஞ்சம் மந்தமாகவே இருக்கலாமாம். வலது காது தேறி வருகிறது. "போன்ல பேசிப் பாருங்களேன்" என்றார். அத்தானோடு பேசிப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன், மனசு வரவில்லை. முதலில் அம்மாதான். ஆனால் விசில் வேறு, குரல் வேறு. கேட்காமல் போனால் என்ன செய்வேன் என்று நினைத்ததும் போனைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு. எனக்குப் பயம் என்று மட்டும் சொல்லாதே.

அக்கா

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. நேற்றுத்தான் கேட்டேனே! இந்த வாரம் மாதிரிப் புட்டியும் இல்லை, வேலை விஷயமும் இல்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும், என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மணி அடித்தது எனக்குக் கேட்டது. நீ எடுத்து, "அக்கா, இரு, அம்மாகிட்டக் குடுக்கிறேன்" என்று சொன்னது கேட்டது, கொஞ்சம் தகரச் சத்தமாக, ஆனால் நீதான். எனக்கு ஒரே பூரிப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.

"அம்மா" என்றேன். ஒன்றுமில்லை. போனை இன்னும் அழுத்தி வைத்தேன். "அம்மா, பேசும்மா." ஒன்றுமே இல்லை. போச்சு, இருந்த கொஞ்சமும் போச்சு, அவள் அங்கே மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் விழவில்லை என்று நினைத்துவிட்டேன். எதிரில் உன் அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். நான் தொண்டை கிழியக் கத்தினேன், "அம்மா, கேக்கல! எனக்குக் கேக்கலம்மா!"

அப்போதுதான் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. அவள் பேசவே இல்லை தம்பி. அவ்வளவு நேரமும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"எதுக்குடி இப்படிக் கத்துற?" என்றாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"எனக்கும்தாம்மா" என்றேன்.

அக்கா